டென்பின் பவுலிங்: ஆசிய விளையாட்டும் பான் அமெரிக்க விளையாட்டும்

டென்பின் பவுலிங் என்பது நீண்ட தளத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளை (பின்) வீழ்த்தும் ஆட்டம். ஆசிய விளையாட்டுக்கு வீரர்களை அந்தந்த நாட்டு ஒலிம்பிக் சங்கமே பதிவு செய்யும். ஆகவே உண்மையான வடிகட்டல் உள்நாட்டுத் தேர்வில்தான். 2018-ல் இந்தோனேசியாவின் பலெம்பாங்கில் மூவர் அணி, அறுவர் அணி, மாஸ்டர்ஸ் (தனிநபர் போட்டி) என்று போட்டிகள் நடந்தன. ஆறு பேரும் தேறினால்தான் அணி தேறும்.

அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மோதும் பான் அமெரிக்க விளையாட்டில் இடத்தை முன்கூட்டியே தகுதிப் போட்டிகளில் வெல்ல வேண்டும். போட்டியை நடத்தும் நாட்டுக்கு மட்டும் நேரடி இடம். லிமா 2019-ல் ஒற்றையர், இரட்டையர் மட்டுமே.

இருவர் அணியில் தவறுக்கு இடமே இல்லை. ஆட்டத்துக்குச் சராசரி 200 புள்ளி தேவை என்று வைப்போம். ஒருவர் 180-க்குச் சரிந்தால் இணையர் 220 எடுத்தாக வேண்டும். அறுவர் அணியில் மற்ற ஐவரும் ஆட்டத்துக்கு 4 புள்ளி கூட்டினால் போதும்.

சரிவு பெரும்பாலும் தளத்தில் பூசிய எண்ணெய்த் தடத்தைத் தவறாகப் படிப்பதால் வருகிறது. தளம் நீளவாட்டில் பதித்த பலகைகளால் ஆனது; அவற்றை விளிம்பிலிருந்து எண்ணுவார்கள். தடத்தின் நீளத்தில் (அடியில்) 31-ஐக் கழித்தால் பந்து திரும்ப வேண்டிய பலகை தோராயமாகக் கிடைக்கும்: 40 அடிக்கு 9-வது பலகை. ஆட்டம் நகர நகர எண்ணெய் தேய்ந்து, பந்து முன்னதாகவே திரும்பும். அப்போதும் பழைய கோட்டிலேயே வீசுபவரை, எவ்வளவு திறமைசாலியானாலும், இருவர் அணியில் சேர்ப்பது தவறு.