நாற்பதுக்கு மேல் ஐவிஎஃப்: நான்கு வருடம், மூன்று சுற்று, கேட்டும் கிடைக்காத ஒரு எண்

போன வாரம் பெங்களூரு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. உறைய வைத்திருக்கும் எங்கள் இரண்டு கருக்களுக்கு இந்த வருடத்துக் கட்டணம் கட்டச் சொல்லி. அதே நாள் சாயங்காலம், கூட வேலை பார்க்கும் தோழி ஃபோன் செய்தாள். "அக்கா, எனக்கும் 41 ஆயிடுச்சு. நீங்க போன எடத்துக்கே போலாமாங்க்கா?" முக்கால் மணி நேரம் பேசியும் அவளுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒரு நிமிடம் புகழ்ந்தேன், அடுத்த நிமிடம் திட்டினேன். அவள் குழம்பிப் போனதுதான் மிச்சம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊசி போட்டு முட்டையை வளர்ப்பது, எடுப்பது, லேபில் கருவாக்குவது, திரும்பக் கருப்பையில் வைப்பது என்ற ஐவிஎஃப் வரிசையெல்லாம் இதைத் தேடிப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம். எனக்கு 34 வயதில்தான் கல்யாணம். முதல் ஆறேழு வருடம் மாத்திரை, கோயில், கிருஷ்ணகிரியில் மூன்று முறை ஐயுஐ (விந்தை நேராகக் கருப்பைக்குள் செலுத்துவது) என்று போய்விட்டது. 2021ல், எனக்கு 41 நடக்கும்போது பெங்களூரு போனோம். இப்போது 45. முதல் இரண்டு சுற்றும் என் சொந்தக் கருமுட்டை, மூன்றாவது தானக் கருமுட்டை. அதில் பிறந்த மகளுக்கு இப்போது பத்து மாதம்.

குழந்தைதான் பிறந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை என்று தோன்றும். என் அத்தை சொல்வதும் அதுதான். குறை இருக்கிறது, நான்கு வருடமாக அப்படியே இருக்கிறது.

அந்த ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் ஒரு போர்டு உண்டு. பெரிய எழுத்தில் 70% வெற்றி. கீழே ஒரு குழந்தைப் படம். முதல் நாள் டாக்டரிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான். "மேடம், என் வயசுல நூறு பேர் வந்தா, எத்தனை பேர் கைக்குழந்தையோட போறாங்க?" அவர் சிரித்தபடி, "வயசை நெனச்சுக் கவலைப்படாதீங்க, பாசிடிவா இருங்க" என்றார். முதல் சுற்று தோற்ற பிறகு மறுபடியும் கேட்டேன். ஆலோசனை சொல்லும் பெண் அதே போர்டைக் காட்டினார்.

இரண்டாவது சுற்றில் பீட்டா டெஸ்ட், அதாவது கர்ப்பத்துக்கான ரத்தப் பரிசோதனை, பாசிடிவ் வந்தது. எட்டாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. கலைக்க மாத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்து, "பாசிடிவ் வந்துச்சே மேடம், எங்க கணக்குல அது சக்சஸ்தான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஆனால் அந்த 70 எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரத்தத்தில் பாசிடிவ் வந்தாலே வெற்றி. 28 வயதுப் பெண்ணும் 43 வயதுப் பெண்ணும் ஒரே கணக்கில். சொந்த முட்டையும் தான முட்டையும் ஒரே கணக்கில். கரு வைக்கும் கட்டம் வரை வராமலே பாதியில் நின்றவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. நாற்பதுக்கு மேல் அப்படிப் பாதியில் நிற்பது கூடும். வெறும் கையும் வலியுமாக அட்டிபெலே தாண்டி ஊருக்கு வந்துகொண்டிருந்த என்னையும் அந்தப் போர்டு வெற்றி என்று எண்ணிக்கொண்டது.

நான் கேட்ட எண் உலகத்தில் இல்லாத எண் ஒன்றும் இல்லை. பிரிட்டனில் இந்தச் சிகிச்சையைக் கண்காணிக்கும் அமைப்பு வயது வாரியாக அதை வெளியிடுகிறது. சொந்த முட்டையில், உள்ளே வைக்கும் ஒவ்வொரு கருவுக்கும், 35க்குக் கீழே நூற்றுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேல் குழந்தை பிறக்கிறது. 40லிருந்து 42க்குள் அது பத்தை ஒட்டி வந்துவிடுகிறது. 43க்கு மேல் ஐந்தை ஒட்டி. காரணமும் தெரிந்ததுதான். நாம் பிறக்கும்போதே நம்மிடம் இருக்கும் முட்டைகள் நம்மோடு சேர்ந்து வயதாகின்றன. வயதான முட்டை பிரியும்போது குரோமோசோம் கூடிக் குறைந்து போகிறது. நாற்பதுக்கு மேல் உருவாகும் கருக்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். ஒட்டாமல் போவதும், ஒட்டிய பிறகு கலைவதும் பெரும்பாலும் அதனால்தான். நான் மாடிப்படி ஏறியதால் இல்லை, பஸ்ஸில் வந்ததால் இல்லை. இதை எனக்கு ஒருவர் முதலிலேயே சொல்லியிருந்தால், இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் ஆறு மாதம் என்னையே நான் குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது முறை கேட்டபோதுதான் டாக்டர் சொன்னார். "சொந்த முட்டையில இனி உங்களுக்கு நூத்துக்கு அஞ்சுகூடக் கஷ்டம்." அதற்குள் ஏறக்குறைய நாலரை லட்சம் போயிருந்தது. முதல் சுற்று 2,10,000, இரண்டாவது 2,35,000. நம் வயதில் சினைப்பையைத் தூண்ட ஊசி மருந்தின் அளவு கூடும், அதனால் மருந்துச் செலவும் கூடும். மாந்தோப்பை இரண்டு வருடக் குத்தகைக்கு விட்டுப் புரட்டிய பணம் அது. என் வயதுக்கான எண் அவருக்கு முதல் நாளே தெரியும். முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையில் எனக்கு 0.8தான் என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாசிடிவாக இருக்கச் சொன்னார்.

எண் தெரிந்திருந்தாலும் முதல் சுற்றை நான் செய்திருப்பேன். பத்தில் ஒன்று என்றாலும் என் முட்டையில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. இரண்டாவதற்கு முன்னால்தான் நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசியிருப்போம். அந்தப் பேச்சை எங்களுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டார்கள். கோபம் அதற்குத்தான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், நிறைய இருக்கிறது.

லேப். அந்த லேபுக்கு நான் கைகூப்புவேன். முட்டை எடுத்த மறுநாளிலிருந்து தினமும் காலை 11 மணிக்கு, லேபில் கருக்களை வளர்க்கும் எம்ப்ரியாலஜிஸ்டே ஃபோன் செய்வார். "நாலு முட்டைம்மா, அதுல மூணு முதிர்ந்திருக்கு, ரெண்டு கருவாயிருக்கு." மறுநாள், "ஒண்ணு நின்னுடுச்சு, ஒண்ணு நல்லா இருக்கு." பூசி மெழுகாமல் உள்ளதை உள்ளபடி சொன்ன ஒரே ஆள் அவர். கெட்ட செய்தியைக்கூட அவர் குரலில் கேட்டால் தாங்க முடிந்தது. இரண்டாவது சுற்றில் கருவின் குரோமோசோமைப் பார்க்கும் பிஜிடி சோதனையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேலே இருந்து பேச்சு வந்தது. அவரிடம்தான் கேட்டேன். "அது நல்ல கருவைப் பொறுக்கி எடுக்கும்மா, கெட்டதை நல்லதாக்காது. உங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, எதுலேர்ந்து பொறுக்கறது?" என்றார். அந்தப் பணம் மிச்சமானது.

இன்னொரு சந்தோஷம் ஆஸ்பத்திரிக்கு வெளியே கிடைத்தது. தூண்டல் ஊசி பத்து நாள் போல, தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் போட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர். ஸ்கேன் நாட்களில் விடிவதற்கு முன் பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசலில் நின்று போய் வருவோம். ஊசிக்காகவும் தினம் போக முடியாது. எங்கள் தெருவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். மருந்தை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருப்போம், அவர் வேலை முடிந்து போகிற வழியில் வந்து போட்டுவிட்டுப் போவார். கடைசி ஊசி, அதான் ட்ரிகர், அதற்கு நேரம் தவறவே கூடாது. போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும், தவறினால் முட்டை தானாக வெளியேறிவிடும். எனக்குக் குறித்துக் கொடுத்தது இரவு 11 மணி. அன்றைக்கு நல்ல மழை, தெருவில் கரண்ட் இல்லை. 10.50க்கு டார்ச் லைட்டோடு அக்கா வாசலில் நின்றார். காசு கொடுத்தபோது வாங்கவில்லை. இரண்டு சுற்றிலும் வாங்கவில்லை. என் மகளுக்கு முதல் மொட்டை போட்டபோது மடியில் வைத்துக்கொள்ள அவரைத்தான் உட்கார வைத்தோம்.

தான முட்டைக்கு மனசு வர எனக்கு ஒரு வருடம் ஆனது. தங்கை, "நான் தர்றேன்க்கா" என்றாள். அவளுக்கு 38. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி முட்டை கொடுப்பவருக்கு வயது 23லிருந்து 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், அவரிடமிருந்து ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, 12 மாதத்துக்கு அவர் பேரில் இன்சூரன்ஸ் நாம் எடுக்க வேண்டும். சிகிச்சை எடுக்கும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வரை அனுமதி. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் பொறுமையாகத்தான் விளக்கினார்கள், எந்தக் காகிதத்திலும் அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கவில்லை. செலவு 3,60,000. ஏழு முட்டையில் ஐந்து கருவாகி, மூன்று ஐந்தாம் நாள் வரை வளர்ந்தன. ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னேன். இந்த வயதில் இரட்டைப் பிள்ளை தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்த ஒன்றுதான் மகள். மற்ற இரண்டும் மைனஸ் 196 டிகிரி நைட்ரஜனில் இருக்கின்றன. அதிகபட்சம் பத்து வருடம் வைக்கலாம்.

எங்களையும் சேர்த்து வீட்டில் நாலு பேருக்குத்தான் இது தெரியும். மகளுக்கு விவரம் தெரியும் வயதில் நாங்களே சொல்வோம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுக்குக் காதோரம் சுருள் சுருளாக முடி. எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் அப்படி இல்லை. குளிப்பாட்டும்போது அந்தச் சுருளில் எண்ணெய் வைத்துக்கொண்டே, யாரென்று தெரியாத அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குமேல் ஒன்றும் தோன்றுவதில்லை. இவள் என் பிள்ளை.

கர்ப்ப காலம் சுலபமாக இல்லை. ஆறாம் மாதம் சர்க்கரை ஏறியது, இன்சுலின் போட்டேன். பிபி ஏறிவிடக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்தே ஆஸ்பிரின் சிறு மாத்திரை. முட்டை இளம் பெண்ணுடையதாக இருந்தாலும் சுமக்கிற உடம்புக்கு வயது 44தான். தோழி, இதற்கு நீ தயாராக வேண்டும். சுற்று தொடங்கும் முன்பே சர்க்கரை, பிபி, தைராய்டு, மார்பகப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிடு. ஏஎம்ஹெச் எத்தனை முட்டை மிச்சம் என்று ஓரளவு சொல்லும், அவை நல்ல முட்டையா என்று சொல்லாது. உன் வீட்டுக்காரருக்கும் விந்துப் பரிசோதனையை முதல் வாரமே எடுக்கச் சொல். சில நூறு ரூபாய் டெஸ்ட் அது. எங்கள் வீட்டில் அதற்கே ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்து வருடமும் மாத்திரை விழுங்கியது நான். இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. நாற்பது தாண்டினால் காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி உன் கேள்வி. நான் போன இடத்துக்குப் போகலாமா?

லேப் நல்ல லேப். சுத்தம். பில்லில் ஒளிவு மறைவு இல்லை. எனக்குப் பிள்ளை கொடுத்த இடம். எல்லாம் உண்மை. ஆனாலும் போகாதே. மூன்றாவது முறை கேட்கும் வரை என் வயதுக்கான எண்ணை என்னிடம் மறைத்த இடத்துக்கு உன்னை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நியாயமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் போ என்றுதான் சொல்ல வேண்டும், அது எனக்கும் தெரிகிறது. நேற்று அந்தக் கருக்களுக்கான கட்டணத்தை நானே கட்டியும்விட்டேன். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அவற்றை விட்டுவிடவும் முடியவில்லை. அப்படியும் உன்னை அங்கே போகச் சொல்ல மாட்டேன்.

சேலம் பக்கம் பார்க்கலாம். நம் ஊரிலிருந்து தூரம் ஏறக்குறைய அதேதான், தொப்பூர் கணவாயில் லாரி கவிழாத நாளாக இருந்தால் நேரமும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மருந்து வைத்துக் கொண்டு போன ஐஸ் பெட்டியை எடுத்து வைக்கிறேன். முதல் நாள் நானும் உன்னோடு வருகிறேன். 41 வயதில், சொந்த முட்டையில், ஊசி தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள் என்று டாக்டரிடம் நானே கேட்கிறேன். பதில் வரும் வரை எழுந்திருக்க மாட்டேன்.