கம்பெனியை மூடும்போது ராஜினாமா கடிதம் நீட்டுவார்கள், கையெழுத்து போடாதீர்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் வேலைக்குப் போகிற அண்ணன் தம்பிகள், அக்கா தங்கச்சிகள் எல்லாருக்கும் இந்தப் பதிவு. எங்கள் கம்பெனி வேலையைக் குஜராத்துக்குக் கொண்டுபோனபோது எங்களிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஒரு காகிதத்தால் எங்களுக்குப் போன பணமும் உரிமையும் கொஞ்சநஞ்சமில்லை. வழக்கு நடப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை, எல்லா இடத்திலும் இதே முறையில்தான் செய்கிறார்கள்.

காருக்கு ஒயரிங் ஹார்னெஸ், அதாவது காருக்குள் ஓடும் மின்கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. அங்கே எனக்கு 11 வருட சர்வீஸ். மூடியது 2023-இல். ஆனால் அதற்குப் பல மாதம் முன்னாலேயே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. திடீரென்று ஞாயிற்றுக்கிழமைகூட ஓ.டி. வந்தது. ஆர்டர் கூடிவிட்டது என்றார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் கட்டி முடித்த சரக்கு லாரியில் ஏறவில்லை. ஸ்டோர் நிரம்பி, கேன்டீனுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு அடுக்கினார்கள். மெஷின்களைக் கழற்றி வேறு ஊரில் மாட்டும் வரை கார் கம்பெனிக்கு சப்ளை நிற்கக்கூடாது, அதற்கான ஸ்டாக் அது.

பிறகு குஜராத்தில் இருக்கும் சனந்த் பிளான்டிலிருந்து டிரெயினிங் என்று இளம் பிள்ளைகள் வந்தார்கள். போர்டில் எந்த ஒயரை முதலில் ஓட்ட வேண்டும், டேப்பை எந்த இடத்தில் இறுக்கிச் சுற்ற வேண்டும், டெர்மினல் கனெக்டருக்குள் சரியாக உட்கார்ந்தால் விரலில் எப்படித் தெரியும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தோம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர்களுக்கும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு இன்ஜினியர் என் ஸ்டேஷனுக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு, நான் ஒரு செட் கட்டி முடிக்கும் வரை என் கைகளை மட்டும் வீடியோ எடுத்தார். அடுத்த வாரம், ஒயர் நுனியில் டெர்மினலை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மெஷின் ஒவ்வொன்றிலும் நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உங்கள் ஷாப்பில் இதெல்லாம் நடந்தால், அன்றைக்கே சம்பளச் சீட்டு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். கம்பெனி ஆப்பில்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். எங்கள் லாகின்கள் எல்லாவற்றையும் ஒரே இரவில் முடக்கினார்கள்.

கையெழுத்து வாங்கிய விதத்தைச் சொல்கிறேன். மதியம் லைனை நிறுத்தி, ஐந்தைந்து பேராக டிரெயினிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு டிரே. போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேசையில் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு ஃபைல், அதில் இங்கிலீஷில் இரண்டு பக்கம். கையெழுத்து போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. தேதி போடும் இடம் காலி. பக்கத்திலேயே பெயர் அச்சடித்த செக்.

“சனந்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரெடியா இருக்கும்மா. போறதுன்னா திங்கக்கிழமை அங்க ரிப்போர்ட் பண்ணணும். போக முடியாதுன்னா இதுல போடுங்க. இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள போட்டாதான் இந்த ஸ்பெஷல் அமவுண்ட். நாளைக்கு வந்தா சட்டப்படி உள்ளது மட்டும்தான்” என்றார் எச்.ஆர். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றதற்கு, “பி.எஃப். எடுக்கிறதுக்கான ஃபார்ம்தாம்மா இது” என்றார். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் திங்கட்கிழமை குஜராத் போவது? அந்த அறையில் இருந்தவர்கள் கையெழுத்து போட்டார்கள், நானும் போட்டேன். முதல் பக்கத்தில் இருந்தது, ‘சொந்தக் காரணங்களுக்காக என் விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன், கம்பெனியிடமிருந்து இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வாசகம். வெளியே வந்து என் தம்பி படித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு அது தெரியும்.

அந்த ஸ்பெஷல் அமவுண்ட் கணக்கைப் பாருங்கள். எனக்கு மாதச் சம்பளம் 20,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. செக்கில் இருந்தது 2,40,000. பெரிய தொகையாகத்தான் தெரியும். இனி பிரித்துப் பார்க்கலாம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்பது 13,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 வருடத்துக்குப் போட்டால் 82,500. அது ராஜினாமா செய்தாலும் வர வேண்டிய பணம். மூடல் இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், ஏறக்குறைய 1,10,000. ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 20,000. எடுக்காத லீவுக்கு 14,000. மொத்தம் 2,26,500. ஆக, ஸ்பெஷலாகக் கொடுத்தது 13,500 ரூபாய். அதற்குத்தான் 5 மணி கெடு.

இதைவிடப் பெரிய அடி இ.எஸ்.ஐ. பக்கம் விழுந்தது. தொழிற்சாலை மூடியதாலோ ஆட்குறைப்பாலோ வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் ராஜீவ் காந்தி பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. குறைந்தது 2 வருடம் சந்தா கட்டியிருந்தால், முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால்வாசிச் சம்பளம், அதுவரை குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. எனக்கு அது முழுசாகக் கிடைத்திருந்தால் 1,80,000 ரூபாய். கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டதும் முதல் கேள்வியே, “எப்படி வேலை போச்சு?” என்பதுதான். ராஜினாமா என்றால் அந்தத் திட்டத்தில் இடமில்லை. எங்களில் ஒரு அக்காவின் கணவருக்கு இ.எஸ்.ஐ.யில்தான் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த அக்கா என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த எச்.ஆருக்கும் தெரியும், லீவு கேட்டு அவரிடம்தானே அக்கா போய் நிற்பார்.

ஏன் ராஜினாமாவாக எழுதி வாங்குகிறார்கள்? அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையை மூட, 90 நாள் முன்னால் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். நாங்கள் நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே 150-க்கு மேல். ஆளெல்லாம் தானாகவே போய்விட்டதாகக் காட்டினால் மூடலும் இல்லை, அனுமதியும் வேண்டாம். இப்போது நிலைமை இன்னும் மோசம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அந்த 100 என்பது 300 ஆகிவிட்டது. ஆனால் 50 பேர் இருந்தாலே 60 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதும், வருடத்துக்கு 15 நாள் இழப்பீடு என்பதும் அப்படியேதான் இருக்கின்றன. ‘புது சட்டம் வந்துடுச்சு, இனி ஒண்ணும் கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கான்ட்ராக்ட் பிள்ளைகளை அந்த அறைக்குக்கூடக் கூப்பிடவில்லை. மறுநாளிலிருந்து அவர்கள் ஊருக்கு பஸ் வரவில்லை, அவ்வளவுதான். எத்தனையோ வருடம் நிரந்தரத் தொழிலாளி செய்கிற அதே வேலையைச் செய்தவர்கள்.

சிலர் கேட்கிறார்கள், கையெழுத்து போடாமல் இருந்தால் மட்டும் என்ன கிடைத்துவிடும் என்று. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் சங்கமாக நின்று பேசினார்கள், 2022-இல் உள்ளிருப்புப் போராட்டமும் நடத்தினார்கள். கடைசியில் கம்பெனி பேசிய தொகை வருடத்துக்கு 100 நாள் சம்பளத்துக்கும் மேலே போனது. சட்டம் சொல்வது 15 நாள். அவர்களும் வேலையை இழந்தார்கள், அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தைந்து பேராகப் பிரித்து உட்காரவைக்க அவர்கள் விடவில்லை. எங்கள் கம்பெனியில் சங்கம் ஆரம்பிக்க முயன்ற மூன்று பேரை இரண்டு வருடம் முன்னாலேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். அது ஏன் என்று இப்போது புரிகிறது.

தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். சமரசப் பேச்சுக்குக் கம்பெனி வக்கீல் வந்து எங்கள் கடிதங்களை வரிசையாக எடுத்து வைத்தார். சமரசம் முறிந்து, இப்போது தொழிலாளர் நீதிமன்றத்தில் இருக்கிறது. மிரட்டியும் ஏமாற்றியும் வாங்கிய ராஜினாமா செல்லாது என்பது எங்கள் வாதம். அதை நாங்கள்தான் நிரூபிக்க வேண்டும். போன் டிரேயில் கிடந்ததால் ஒரு போட்டோகூட இல்லை.

அதனால், உங்களை அப்படி ஒரு அறைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் எழுந்து வாருங்கள். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் வாங்கிக்கொண்டு, இங்கே வேலையை மூடுகிறீர்கள், எனக்கு மூடல் இழப்பீடு வேண்டும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் கொடுக்காமல் வீட்டில் இருந்தால், வேலைக்கு வரவில்லை என்று அதையே காரணமாக்குவார்கள். கேட்டைப் பூட்டிக் கையெழுத்து கேட்டால், பெயருக்குப் பக்கத்தில் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று தமிழிலேயே எழுதி, தேதியை உங்கள் கையால் போடுங்கள். அதற்கும் வழியில்லாமல் வாங்கிவிட்டால், மறுநாளே என்ன நடந்தது என்று விவரமாக எழுதி கம்பெனிக்கும் தொழிலாளர் உதவி ஆணையருக்கும் ஸ்பீடு போஸ்டில் (முன்பு பதிவுத் தபால்) ஒப்புகையோடு அனுப்புங்கள். எங்களில் இரண்டு பேர் அப்படி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வக்கீல் இப்போது நம்பியிருப்பது அந்த இரண்டு கடிதங்களைத்தான்.