ஒரு டிக் போட ஒரு வருடச் சந்தா கட்டிய கதை

வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். கணினியோடு நாள் முழுக்கக் குப்பை கொட்டுகிறவன் நான், எனக்கே இது நடந்தது.

27 அங்குல மானிட்டர் ஒன்று வாங்கி, லேப்டாப்பில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். படம் வந்தது. ஆனால் டெஸ்க்டாப் ஐகான்கள், புதிதாகத் திறக்கிற விண்டோ எல்லாம் லேப்டாப்பின் சின்னத் திரையை விட்டு நகரவில்லை. பெரிய திரையில் வெறும் வால்பேப்பர். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே', அதாவது இதையே முதன்மைத் திரையாக வை என்று ஒரு கட்டம் இருந்தது. அது மங்கிக் கிடந்தது. எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. சரி, ஏதோ கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

தேடியபோது முதலில் வந்தது ஒரு விளம்பரம். விண்டோஸ் உதவி மையம் என்று போட்டு ஒரு தொலைபேசி எண். அவசரத்தில் அது விளம்பரமா என்று பார்க்கவில்லை, அழைத்துவிட்டேன்.

பேசியவர் நல்ல பொறுமைசாலி. "ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், பார்த்துடலாம்" என்றார். தூரத்திலிருந்தே என் கணினியை இயக்க வைக்கும் ரிமோட் செயலி ஒன்றை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணை வாசிக்கச் சொன்னார். அடுத்த நிமிடம் என் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது.

முதலில் ஈவென்ட் வியூவரைத் திறந்தார், கணினியில் நடப்பதை விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவேடு அது. வரிசையாகச் சிவப்புக் குறிகள். "பாருங்க சார், எத்தனை எரர்! டிஸ்ப்ளே டிரைவர் உள்ளேயே அழுகிப்போச்சு." நன்றாக ஓடுகிற எந்த விண்டோஸ் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் கொஞ்சம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோவில் 'நெட்ஸ்டாட்' என்று அடித்தார், கணினியின் இணைய இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை அது. 'ஃபாரின் அட்ரஸ்' என்ற பத்தியைக் காட்டி, "வெளிநாட்டு ஆளுங்க உங்க சிஸ்டத்துக்குள்ள இருக்காங்க" என்றார். அது மறுமுனையில் இருக்கிற கணினியின் முகவரி, அவ்வளவுதான். ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாலே அங்கே வரிகள் வரும். பிறகு 'ட்ரீ' என்று அடித்ததும் கோப்புறைப் பெயர்கள் அருவி மாதிரிக் கொட்டின. "டீப் ஸ்கேன் ஓடுது" என்றார். அந்தக் கட்டளை கோப்புறைகளைப் பட்டியல் போடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடப் பராமரிப்புச் சந்தா கட்டினால்தான் சரி செய்ய முடியும் என்றார். கார்டில் கட்டினேன். பணம் போன பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, ஏதோ இரண்டு மூன்று இடத்தில் சொடுக்கினார். ஐகான்கள் பெரிய திரைக்குத் தாவின. நான் நன்றி வேறு சொன்னேன்!

சில நாள் கழித்து, மானிட்டரை வேறு போர்ட்டில் மாட்டியதும் பழையபடி ஆகிவிட்டது. அழைத்தால், "இது புதுப் பிரச்சினை, தனிக் கட்டணம்" என்றார். அப்போதுதான் மூளை வேலை செய்தது. உடன் வேலை செய்யும் நண்பரிடம் காட்டினேன். அவர் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனார். மேலே 1, 2 என்று இரண்டு கட்டங்கள். 'ஐடென்டிஃபை' அழுத்தியதும் எந்தத் திரைக்கு எந்த எண் என்று திரையிலேயே பெரிதாகத் தெரிந்தது. 2-ஐச் சொடுக்கினார், கீழே வந்தார், 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' பகுதியில் அதே 'மெயின் டிஸ்ப்ளே' கட்டத்தில் டிக் போட்டார். பத்து வினாடி ஆகியிருந்தால் அதிகம். "இதுக்கா?" என்றார்.

நான் முட்டிக்கொண்ட இடம் இதுதான்: மேலே 1 தேர்வாகி இருந்தது. அது ஏற்கெனவே மெயின் திரை, அதனால்தான் கட்டம் மங்கியிருந்தது. முதலில் 2-ஐத் தொட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு திரையிலும் ஒரே படம் வந்தாலும் இந்த டிக் உதவாது. விண்டோஸ் விசையோடு பி அழுத்தி, இரண்டையும் தனித்தனித் திரையாக்கும் 'எக்ஸ்டெண்ட்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் பெரிய திரையில் மட்டும் வேலை செய்ய நினைத்தால், பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வைக்கவும். இவை எதற்கும் யாரும் உங்கள் கணினிக்குள் வரத் தேவையில்லை.

அந்த ரிமோட் செயலி, கணினி இயங்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருந்தது. என் அனுமதி கேட்காமலே உள்ளே வர ஒரு பாஸ்வேர்டும் போட்டிருந்தார்கள். பணம் போனதை விட இதுதான் வயிற்றைக் கலக்கியது. இணையத்தைத் துண்டித்துவிட்டு அதை நீக்கினேன். வேறொரு கருவியிலிருந்து எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன், கார்டை முடக்கினேன். கடைசியில் முக்கியமான கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸையே புதிதாகப் போட்டேன். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் வரவே வராது என்பதையும் அப்புறம்தான் படித்தேன்.

பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. அவர்கள் அனுப்பிய ரசீதையும் இணைத்தேன். செய்த வேலை என்ற இடத்தில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே ரிப்பேர்' என்று போட்டிருக்கிறார்கள்.