தோல்பாவை வகுப்பில் ஒரு மழைக்காலம்: ஒரு வருடம் கழித்து எழுதுவது

வகுப்பு முடிந்த வாரமே எழுதியிருந்தால் இதில் பாதி வசவாகத்தான் இருந்திருக்கும். சோம்பலில் தள்ளிப்போட்டேன், ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதற்கிடையில் கடைக்குத் துணி கொடுக்க வருகிறவர்களில் நாலைந்து பேர், "அந்தப் பாவைக்கூத்து கிளாஸ் நல்லா இருந்துச்சாங்க்கா? சேரலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மெஷினை மிதித்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்கு 53 வயது. பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடை. பத்தாவது வரை தமிழ் மீடியம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் கேரளம்தான், ஆனாலும் மலையாளம் பேசத்தான் வரும். படிப்பதெல்லாம் பஸ் போர்டோடு சரி. எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது.

சித்தூரில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்) ஒரு கலை அமைப்பு பெரியவர்களுக்கென்று மழைக்கால வகுப்புகள் நடத்தியது. சுவர்ச்சித்திரம், தோல்பாவைக்கூத்து (தோலில் வெட்டிய பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டிக் கதை சொல்லும் நிழற்கூத்து), மலையாள எழுத்து என்று மூன்று. ஜூனில் ஆரம்பித்து 16 ஞாயிற்றுக்கிழமை. காலையில் பாவை, மதியம் எழுத்து. நான் இந்த இரண்டிலும் சேர்ந்தேன். மழைக்காலத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பாவைக்கூத்துக்காரர்களுக்கு ஜனவரி முதல் மே வரை கோயில் சீசன். அது முடிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவர்கள் கைக்குக் கிடைக்கும்.

முதலில் காசு விஷயம். கட்டணம் 4,800 ரூபாய். இரண்டாவது வாரம் போனால், உளிக்கும் தோலுக்கும் தனியாக 1,350 ரூபாய் என்றார்கள். சேரும்போதே சொல்லியிருக்கலாம். 16 வாரத்தில் நடந்தது 13. விட்டுப்போன மூன்றுக்கு ஈடும் இல்லை, பணமும் திரும்பவில்லை. ஒருமுறை பஸ் ஏறிப் போய் இறங்கிய பிறகுதான் "இன்று வகுப்பு இல்லை" என்று போனில் செய்தி வந்தது. தரையில் பாய் விரித்துத்தான் உட்கார வேண்டும். பெரியவர்களுக்கான வகுப்பு என்று போட்டவர்கள் பெரியவர்களின் முட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. 14 பேராக ஆரம்பித்தோம், கடைசியில் 6 பேர். போனவர்களில் பாதிப் பேர் முட்டிவலியால் போனவர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் இரண்டு வாரமும் படம் போட்டுக் காட்டும் பேச்சு. பேசவந்தவர் நன்றாகவே பேசினார், ஆனால் எங்களுக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. அதில் மனதில் நின்றது ஒரு கதை. பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் ராம ராவண யுத்தமும் நடந்ததாம். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குறை தீரத்தான் பகவதி கோயில்களில் அவள் முன்னால் இந்தக் கூத்து. அதனால் மனுசர் ஒருவர்கூட வராவிட்டாலும் கூத்து நிற்காது. பார்க்க வேண்டியவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆடுவது கம்பராமாயணம், தமிழிலேயே. தமிழ்நாட்டில் தோல்பாவை ஆட்டுகிறவர்கள் வீட்டில் மராத்தி பேசுகிறார்கள், இங்கே ஆட்டுகிறவர்கள் வீட்டில் மலையாளம் பேசுகிறார்கள். கம்பனுக்கு எப்படியெல்லாம் ஆள் வாய்த்திருக்கிறது பாருங்கள்.

மூன்றாவது வாரம் ஆசான் வந்தார். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். வந்ததும் ஆளுக்கொரு மரக்கட்டை, ஐந்து உளி, ஒரு சுத்தி, காய்ந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டு கொடுத்தார். பழைய பாவைகள் மான்தோலில் செய்தவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு வந்த பாவை மாயமான். ஆக, நான் ஆட்டுத்தோலில் மான் வெட்டினேன். மாரீசனுக்குப் பொருத்தம்தான்.

இருபத்தைந்து வருடமாகத் துணி வெட்டுகிறவள், இது என்ன பெரிய வேலை என்றுதான் உட்கார்ந்தேன். தோல் துணி மாதிரி இல்லை. துணியில் கை தப்பினால் தையலில் மறைக்கலாம், கொஞ்சம் உள்ளே மடித்துக்கொள்ளலாம். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். அது மட்டுமில்லை, எங்களுக்கு ஓட்டைதான் வேலையே. இந்தப் பக்கத்துப் பாவை திரையில் கறுப்பு நிழலாகத் தெரியும், தமிழ்நாட்டுப் பாவைபோல வண்ணம் ஊடுருவி வராது. மாலை, கிரீடம், கண், மானின் புள்ளி எல்லாமே உளியால் கொத்திய துளை வழியாக வரும் வெளிச்சம்தான். துளைகளை நெருக்கிப் போட்டால் நடுவில் பிய்ந்துவிடும். தள்ளிப் போட்டால் மான் சொறி பிடித்த மாதிரி தெரியும். நான் இரண்டும் செய்தேன். ஆசான் என் மானை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சேச்சி, கையால பாக்காதீங்க, பின்னாடி விளக்கு இருக்குன்னு நெனச்சுப் பாருங்க" என்றார். அப்புறம் ஒவ்வொரு பத்துக் கொத்துக்கும் ஒருமுறை ஜன்னலுக்கு எழுந்து போனேன். முட்டிக்கும் நல்லதாகப் போயிற்று.

மழைக்காலத்தில் தோல்வேலை வைத்தது தப்பு. கேரளத்தின் மற்ற பக்கங்களைப் பார்க்க எங்கள் கிழக்குச் சித்தூரில் மழை குறைவுதான், ஆனாலும் ஜூலை ஈரம் ஈரம்தான். வாரம் முழுக்க வீட்டில் வைத்த தோல், ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் அப்பளம் நமுத்த மாதிரி இருக்கும். உளி வெட்டாது, அமுங்கும். ஆசான் வீட்டில் இதையெல்லாம் அடுப்புப் பரணில் வைப்பார்களாம். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. பழைய நாளிதழில் சுற்றி அரிசி டிரம்மின் மேலே வைத்தேன், பரவாயில்லை. நாற்றம் ஒன்று உண்டு, வீட்டுக்காரர் இரண்டு மாதம் முகம் சுளித்தார். சேர்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இதுவரை சொன்னதை வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு நாலு போடுவேன். ஆனால் பாட்டு இருக்கிறதே.

விளம்பரத்தில் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறாவது வாரம்தான் ஆசான் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்தார். "ஆட்டம் மட்டும் படிச்சா போதாது, கொஞ்சம் பாட்டும் வேணும்." பார்த்தால் எல்லாம் மலையாள எழுத்து. கம்பனின் தமிழ்ப் பாட்டு, மலையாள எழுத்தில். ஆசானுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவருடைய அப்பாவின் நோட்டும் இப்படித்தானாம். ஒரு பாட்டைப் பாடிவிட்டு, அதற்குப் பொருளும் தர்க்கமுமாகத் தமிழும் மலையாளமும் கலந்து ஒரு மணி நேரம்கூடப் பேசுவார்கள். அதுதான் கூத்தில் பெரும்பகுதி. பாவை ஆடுவது கொஞ்ச நேரம்தான்.

அந்தக் கட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நான் முழித்த முழி! வகுப்பில் பிறவித் தமிழச்சி நான் ஒருத்திதான், படிக்கத் தெரியாதவளும் நான் ஒருத்திதான். மதியத்து எழுத்து வகுப்பு அதுவரை ஏனோதானோ என்று போய்க்கொண்டிருந்தது. ஒரே 'க'வை வைத்துக் குடும்பம் நடத்துகிற நமக்கு அங்கே நாலு 'க'. எல்லாமே ஜிலேபி. ஆனால் இந்தக் கட்டு வந்த பிறகு வெறி பிடித்துவிட்டது. மூன்று வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். வாயில் வந்து விழுவது தமிழாக இருந்ததால் வேகம் வந்தது என்று நினைக்கிறேன்.

படித்ததோடு விட்டேனா? ஆசானைத் திருத்தவும் ஆரம்பித்தேன். அவர் 'வெற்றி' என்று சொல்லும்போது 'ற்ற' வேறு மாதிரி வரும். நாக்கு நுனி பல்லுக்கு மேலே ஒட்டி எழும், உதறல் இருக்காது. நான் பள்ளிக்கூடத்து 'வெற்றி'யைச் சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, மறுபடி அவர் மாதிரியேதான் சொன்னார். பிறகு மகளிடம் இதைச் சொன்னபோது (தமிழ் எம்.ஏ. படிக்கிறாள்), "அம்மா, அவர் சொல்றதுதான் பழைய உச்சரிப்பு. யாழ்ப்பாணத்துலயும் அப்படித்தான். நாமதான் மாத்திட்டோம்" என்றாள். அடுத்த ஞாயிறு வாயைத் திறக்கவில்லை.

இன்னொரு தகராறு மட்டும் இன்றைக்கும் தீரவில்லை. கும்பகர்ணன் தம்பி விபீஷணனிடம் பேசும் இடம். இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பிய அண்ணனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அந்தப் பாட்டு 'நீர்க்கோல வாழ்வை' என்று ஆரம்பிக்கும். நான் சட்டென்று, தண்ணீரில் போட்ட கோலம், போட்டதும் கலைந்துவிடும் என்றேன். தினம் காலையில் வாசலில் குனிகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? ஆசான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோலம் என்றால் உருவம், வேஷம். தண்ணீரில் தெரியும் உருவம் என்றார். தண்ணீர் அசைந்தால் உருவம் போச்சு. நான் விடவில்லை. அவர் அமைதியாக அடுத்த அடியில் விரலை வைத்தார். அங்கே 'போர்க்கோலம்' இருக்கிறது. அது வாசலில் போடுகிற கோலம் இல்லையே! மணக்கோலம் என்று நாமும்தான் சொல்கிறோம். வகுப்பே இரண்டு கட்சியாகி அன்றைக்கு உளியைத் தொடவே இல்லை. ஒன்றரை மணிக்குக் காவலாளி வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றார். என் 4,800 ரூபாய் அன்றைக்கே வசூலாகிவிட்டது. கட்சி மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் எனக்கு அது வாசல் கோலம்தான்.

அப்போது கர்க்கடக மாதம், நம் ஆடி. வகுப்பு நடந்த மாடிக்குக் கீழ்வீட்டில் மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் ராமாயணம் படித்துக்கொண்டிருந்தார்கள், அந்த மாதம் முழுக்க மலையாள வீடுகளில் வழக்கம். துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் தங்கியதாகச் சொல்லும் குருமடம் சித்தூர் தெக்கே கிராமத்தில்தான் இருக்கிறது. கீழே அவர் பாட்டு, மாடியில் கம்பன் பாட்டு. கொங்கு ராஜாவின் படையை விரட்டியதை வருடா வருடம் கொங்கன்படை என்று திருவிழாவாகக் கொண்டாடுகிற ஊர் இது. அங்கே கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு ஒருத்தி ஆசானோடு சண்டை போடுவதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

கடைசி வாரம் வேட்டித் திரை கட்டி, நாலு விளக்கு வைத்து, கால் மணி நேரம் ஆட்டிக் காட்டினோம். என் மான் தலைகீழாக ஒருமுறை ஓடியது. சான்றிதழ் கொடுத்தார்கள், என் பெயரில் ஒரு எழுத்து தப்பு. மலையாளம் படிக்கத் தெரிந்ததால்தான் அதுவும் தெரிந்தது.

உண்மையான வகுப்பு பிப்ரவரியில் நடந்தது என்பேன், அதற்குக் கட்டணமும் இல்லை. ஆசான் போனில், "நாளைக்குக் கும்பகர்ணன், வரணும்" என்றார். தங்கையைக் கூட்டிக்கொண்டு பாலக்காட்டிலிருந்து ரயிலில் போனேன். கோயில் மைதானத்து ஓரத்தில் கூத்துமாடம், 42 அடி நீளம் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார். மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி வரிசையாக 21 விளக்கு. பார்க்க இருந்தது நாங்கள் இரண்டு பேர், ஒரு பெரியவர், ஒரு நாய். இரவு இரண்டு மணி இருக்கும், தங்கை என் தோளில் தூங்கிவிட்டாள். உள்ளேயிருந்து 'நீர்க்கோல' என்று குரல் எழுந்ததும், என் வாய் தானாக அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டது. பொருள் சொல்லும் பகுதி வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆசான் உருவம் என்றுதான் சொன்னார். ஆனால் போகிறபோக்கில், "வாசலில் பெண்கள் எழுதும் கோலம் என்று சொல்வாரும் உண்டு" என்று ஒரு வரி சேர்த்தார். நான் வெளியே இருப்பது அவருக்குத் தெரியும்.

இப்போதைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மானின் ஒரு கால் போயிற்று, எலி. மூங்கில் பிளாச்சு நன்றாக இருக்கிறது. இரண்டு உளியில் துரு. ஐந்தில் ஒன்றைக் கடையில் பெல்ட்டுக்கு ஓட்டை போட வைத்திருக்கிறேன், அதற்கு அது அருமை. மலையாளம் தினசரி படிக்கிறேன், மெதுவாக. பாட்டுக் கட்டை முழுக்கத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவிட்டேன். சந்தேகம் வந்த இடங்களில் மகள் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சில இடங்களில் நோட்டும் புத்தகமும் வேறு வேறு. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கையில் ஒரு அழகுப்பொருள் செய்துகொண்டு வர வேண்டும் என்று சேர்கிறவர்களுக்கு இந்த வகுப்பு சரிவராது. கடையில் வாங்கினால் இதைவிட நல்ல மான் கிடைக்கும். தமிழ் காதில் விழ வேண்டும் என்று நினைப்பவர்கள் சேரலாம். முட்டிக்கு ஒரு மணை எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த ஜூனில் மறுபடி நடத்துகிறார்களாம். இரண்டு ஞாயிறு வந்து பாட்டை வாசித்துக் காட்ட முடியுமா என்று அமைப்பிலிருந்து கேட்டார்கள். பஸ் காசு தருவீர்களா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.