சாலை இரைச்சலுக்கு நுரைக் காதடைப்பான்: வாங்கலாமா?

சாலை இரைச்சலுக்கும் உடல் எடைக்கும் தொடர்பு உண்டு என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. தூக்கத்துக்காக வாங்கலாம், எடை குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 3,796 பேரிடம் நடந்த ஆய்வில், போக்குவரத்து இரைச்சல் 10 டெசிபல் கூடும்போது உடல் பருமனுக்கான வாய்ப்பு 17 சதவீதம் கூடியிருந்தது. இரைச்சலில் தூக்கம் கலைந்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறலாம், பசியும் கிளறலாம். ஆனால் காதடைப்பான் போட்டால் எடை குறையும் என்று அந்த ஆய்வு காட்டவில்லை.

பொருள் நல்லதுதான், போடும் விதத்தில்தான் கெடுகிறது. மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடனே கையை எடுத்தால் நுரை வெளியிலேயே விரிந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் 33 டெசிபல் இரைச்சல் குறைப்பில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். ஹாரன் நன்றாக அடங்கும். லாரியின் அடித்தொண்டை உறுமல் அவ்வளவாக அடங்காது. ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் பட்டையும் ஒட்டினால், உள்ளே வரும் இரைச்சல் கொஞ்சம் குறையும். காதில் சீழ் இருந்தால் வேண்டவே வேண்டாம்.