நாலு டொமைன், ஒரே கடை: ஆறு வருஷ அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. கடைப்பெயரில் காவடி இருக்கிறது, வில்லங்கமும் அதில்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை இந்தியாவில் ‘ஐ’ போட்டு முடிப்பார்கள், இங்கே ‘ஒய்’, மொரீஷியஸ்காரர்களுக்கு இரண்டு ‘ஈ’. மூன்று எழுத்திலும், இந்த நாட்டுக்கான .கோ.இசட்.ஏ-வில் முடியும் டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கினோம். 2014-இல் வந்த .டர்பன் என்ற முடிவிலும் ஆசைக்கு ஒன்று. ‘ஒய்’ முதன்மைத் தளம், மற்ற மூன்றில் எதைத் திறந்தாலும் அதற்குத் திரும்ப வேண்டும்.

முதலில், முகவரியை மறைத்துத் திருப்பும் வசதியைப் போட்டேன். பழைய பெயர் மேலே அப்படியே நிற்க, தளம் ஒரு சட்டத்துக்குள் (ஃபிரேம்) தெரியும். போனில் எழுத்தெல்லாம் எறும்பு. குத்துவிளக்குப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் முகப்புதான் திறக்கும். ஒரே மாதத்தில் தூக்கிவிட்டு 301 என்ற நிரந்தரத் திருப்பலுக்கு மாறினேன். அதிலும் ஒரு எழுத்துப்பிழை விட்டேன். பத்து நிமிடத்தில் திருத்தியும், நிரந்தரம் என்று நினைவில் வைத்துக்கொண்ட என் பிரௌசர் பழைய தப்புக்கே போனது. இப்போதெல்லாம் 302 என்ற தற்காலிகத் திருப்பலைப் போட்டுப் பார்த்து, சரி என்றால்தான் 301.

பெரிய தலைவலி, இது அந்தப் பெயருக்குரிய தளம்தான் என்று பிரௌசருக்குக் காட்டும் சான்றிதழ். எச்.டி.டி.பி.எஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் வருபவரைத் திருப்பிவிடுவதற்கு முன்பே பிரௌசர் அந்தப் பெயருக்கான சான்றிதழைக் கேட்கும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். முதன்மைத் தளத்துக்கு மட்டும் தானாகப் புதுப்பிக்க வைத்துவிட்டு மற்றதை மறந்துவிட்டேன். “தம்பி, உன் கடையைத் திறந்தா ஆபத்துன்னு வருதே!” என்று ஒரு பாட்டி போன் பண்ணித்தான் தெரிந்தது. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ளது, இல்லாதது இரண்டுக்கும் சான்றிதழ் வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

அப்புறம் மின்னஞ்சல். ஒரு தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், எந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டி.என்.எஸ்-ஐ வேறு இடத்துக்கு மாற்றினேன். திருப்பிவிடுதல் தளத்துக்கு வருபவர்களுக்கு மட்டும்தான், கடிதங்களுக்கு இல்லை. ‘ஐ’ டொமைனின் எம்.எக்ஸ் பதிவை, அதாவது கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்வதை, கொண்டுபோகவில்லை. இரண்டு நாள் ஆர்டர்கள் போச்சு. அந்த வாரம் அப்பா என்னோடு பேசவே இல்லை.

மற்றபடி பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை, வருஷச் சந்தா கட்டுவதைத் தவிர. .டர்பன் வழியாக வருபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், அதனால் இந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. ‘ஐ’யை மட்டும் விட முடியாது. சிவகாசியில் அடித்த எங்கள் காலண்டரில் அவர்கள் ஊர் வழக்கப்படி ‘ஐ’ போட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் முருகன் படம் வேறு. வருஷம் முடிந்தும் யாரும் சுவரிலிருந்து கழற்றுவதில்லை.