மறக்கப்பட்ட பெண்கள்: சிலரை விரிவாகவா, பலரைப் பெயராகவா?

குழுவாகக் கலைப்படைப்பு செய்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோவின் 'தி டின்னர் பார்ட்டி' (1974–79) என்ற கலைப்படைப்பு இரண்டையுமே செய்தது: முக்கோண மேசையில் 39 பெண்களுக்கு இடம், கீழே தரை ஓடுகளில் பொன்னெழுத்தில் 999 பெயர்கள்.

உழைப்பு: மேசைக்கு ஆளுக்கொரு பீங்கான் தட்டு, பூத்தையல் விரிப்பு என வருடக்கணக்கில் இழுக்கும். பெயர்களுக்குத் தேடல்தான் பெரிய வேலை.

மனதில் நிற்பது: மேசைதான். வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த கரோலின் ஹெர்ஷலின் தட்டில் ஒரு கண் நம்மையே பார்க்கிறது. பெயரை வாசித்துவிட்டு அப்படியே கடந்துவிடுவோம்.

விடுபடல்: மேசையில் கறுப்பினப் பெண், அடிமை ஒழிப்புக்குப் போராடிய சோஜர்னர் ட்ரூத் ஒருவர்தான். இதற்காக எழுந்த விமர்சனம் நியாயமானது. தரையில் இடம் அதிகம்.

யாருமே அறியாத ஒருவரை அறிமுகப்படுத்த மேசை வழி. ஒரு துறையே பெண்களால் நிறைந்திருந்தது என்று காட்ட, பெயர்கள். எனக்கென்றால், ஐந்து பேரானாலும் சரி, மேசைதான்.